கடலடிக் குகைகளில் நீர்க்கரடிகள்: மணல் எடுப்பதிலிருந்து பரவலைப் பதிவது வரை முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பால் ஃபிஷ் ராக் குகை, ஜிம்ஸ் குகை என்று இரண்டு கடலடிக் குகைகள் இருக்கின்றன. அங்கே எடுத்த மணலிலிருந்து மொத்தமே 67 நீர்க்கரடிகள்தான் (டார்டிகிரேடு எனப்படும் எட்டுக்கால் நுண்விலங்குகள்) கிடைத்தன. ஆனால் அந்த 67-க்குள் குறைந்தது 16 இனங்கள். அவற்றில் ஒன்பது இனங்கள் அதுவரை யாரும் விவரிக்காதவை. 2014-இல்தான் அவற்றுக்குப் பெயர் வந்தது. அதைவிட முக்கியம், இரண்டு குகைகளின் இனப்பட்டியலும் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டன. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அலை அடிக்கும் மணற்கரைகளில் கிடைக்கும் நீர்க்கரடிகளோடும் அவை ஒத்துப்போகவில்லை.

சராசரியாக நாலு விலங்குக்கு ஓர் இனம். இந்தக் கணக்கைப் பார்த்த நாளிலிருந்து குகை மணலை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். ‘குகை’ என்று ஒரே வாழிடம் கிடையாது. வாசலில் இருக்கும் சிப்பித் தூள் ஒரு வாழிடம், நடுவில் சுவரோரம் சேர்ந்த கரடுமுரடு மணல் இன்னொன்று, கடைசியில் அசைவே இல்லாமல் படிந்த சேறு மூன்றாவது. எந்த இனம் எங்கே என்று சொல்ல வேண்டுமானால், எந்தப் பிடி மணல் எங்கிருந்து வந்தது என்பதை முதல் நாளிலிருந்தே பிரித்து வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான்.

படி 1: விலங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீர்க்கரடி என்றதும் பலருக்கு நினைவு வருவது பாசியில் வாழும் குண்டு உருவம். காய்ந்து சுருண்டு கிடந்து, தண்ணீர் பட்டதும் எழுந்து நடப்பது. கடலுக்குள் இறங்கும்முன் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். கடல் இனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காய்ந்து பிழைக்கும் திறமை இல்லை. ஓதம் ஏறி வற்றும் இடத்தில், பர்னக்கிள் (பாறையில் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுடலி) ஓடுகளில் ஒட்டி வாழும் எக்கினிஸ்காய்டிஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. குகை மணலில் வாழ்பவை உப்பும் வெப்பமும் அதிகம் மாறாத தண்ணீருக்குப் பழகியவை. படகில் பாட்டில் வெயிலில் கிடந்தால் அவை செத்துச் சிதைந்துவிடும்.

விவரிக்கப்பட்ட கடல் இனங்கள் 200-க்கு மேல். பெரும்பாலானவை ஆர்த்ரோடார்டிகிராடா என்ற வரிசையில் வருகின்றன. நீளம் பொதுவாக 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர். எட்டுக் கால் என்பது எல்லா நீர்க்கரடிக்கும் பொது. கடல் கரடிகளின் அழகு அதற்கு மேல் இருக்கிறது. தலையைச் சுற்றி மீசை மாதிரி உணர்விழைகள். கால் நுனியில் விரல்கள், விரல் நுனியில் நகம். பாட்டிலிப்பெஸ் பேரினத்துக்கு நகத்துக்குப் பதில் சின்னச் சின்ன ஒட்டுத்தட்டுகள். அவற்றால் மணற்பருக்கையை அப்படியே கவ்விக்கொள்ளும். ஆக்டினார்க்டஸுக்கும் தோலோஆர்க்டஸுக்கும் உடலைச் சுற்றிக் குடை விரித்தாற்போல் தோல்விரிப்பு இருக்கிறது. விங்ஸ்ட்ராண்டார்க்டஸின் தலையில் சிறு பைகள். அவற்றுக்குள் பாக்டீரியாக்கள் கூட்டாளிகளாகக் குடியிருக்கின்றன.

ஒரு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும். கடல் நீர்க்கரடிக்கு நீரில் மிதந்து தொலைதூரம் போகும் இளம்பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வருவது குட்டி நீர்க்கரடியேதான்.

படி 2: இதுவரை எங்கெங்கே கிடைத்தன என்று பாருங்கள்

குகை நீர்க்கரடிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மூன்று இடங்களிலிருந்து வந்தது: மத்தியதரைக் கடல், ஜப்பானின் தெற்குத் தீவுகள், கிழக்கு ஆஸ்திரேலியா.

மத்தியதரைக் கடலில் வழியைத் திறந்தவர்கள் இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள். சூசன்னா கிரிமால்டி டி ஸியோவும் மரியா டடாபோ கால்லோவும் சக ஆய்வாளர்களோடு 1982-இல் தென் இத்தாலிய நீர்க்கரடிகளைப் பெயரிட்டு விவரித்தார்கள். ஆக்டினார்க்டஸ் நெரெடினஸ் அந்த ஆண்டு வந்ததுதான். 2001-இல் அதே குழுவினர் ஏட்ரியாட்டிக் கடலின் ட்ரெமிட்டித் தீவுக்கூட்டத்தில், சான் டொமினோ தீவின் இரண்டு குகைகளிலிருந்து ஸ்டைகார்க்டிடே குடும்பத்தில் இரண்டு புதிய இனங்களைக் கொடுத்தார்கள்.

ஜப்பானில் ஷின்டா ஃபுஜிமோட்டோவின் பங்கு பெரிது. 2013-இல் மியாக்கோ தீவுகளின் குகையிலிருந்து நியோஸ்டைகார்க்டஸ் லவ்டீலக்ஸ் விவரிக்கப்பட்டது. அந்தக் குடும்பம் பசிபிக் பெருங்கடலில் பதிவானது அதுவே முதல் முறை. 2015-இல் ரியூக்யூ தீவுக்கூட்டத்தின் இயேஜிமா தீவுக்கு அப்பாலுள்ள குகையிலிருந்து ஒரு புதிய பேரினமே வந்தது: குயிசார்க்டஸ் யாசுமுராய்.

ஆஸ்திரேலியக் குகைகளில் இருந்து வந்த செய்திகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2001-இல் வெளியான முதல் பட்டியல். அதில் ஆக்டினார்க்டஸ் நெரெடினஸ் இருந்தது. இத்தாலிக் கடலில் பெயரிடப்பட்ட அதே விலங்கு, உலகின் மறுபக்கத்தில். இதற்குக் கடைசியில் வருவோம்.

வரைபடத்தில் இந்த மூன்று இடங்களும் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அங்கே தேடியவர்கள் இருந்தார்கள் என்பதே. மற்றக் கடல்களில் உள்ள வெற்றிடத்தை ‘இல்லை’ என்று படிக்கக் கூடாது.

படி 3: குகையைப் படியுங்கள்

பேரேஸ், பிக்கார் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1964-இல் கடற்குகைகளை அரையிருள் பகுதி, முழு இருள் பகுதி என்று பிரித்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒளி குறையக் குறையப் பாசிகள் மறைந்து, கடற்பஞ்சுகளும் பவளங்களும் சுவரைப் பிடித்துக்கொள்கின்றன; இன்னும் உள்ளே போனால் சுவர் வெறுமையாகிறது. நீர்க்கரடிக்கு ஒளி நேரடியாக அவ்வளவு முக்கியம் இல்லை என்பது என் கருத்து. ஒளியோடு சேர்ந்து மாறும் மற்ற விஷயங்கள்தான் முக்கியம்: தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, உணவு எவ்வளவு உள்ளே வருகிறது, தரையில் என்ன படிகிறது.

இதற்குச் சரியான பாடம் பிரான்ஸின் லா சியோத்தா அருகே உள்ள 3பிபி குகை. வாசல் ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில். அங்கிருந்து குகை கீழ்நோக்கிச் சரிகிறது. குளிர்காலத்தில் கனத்த குளிர்நீர் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. கோடையில் வெளியே தண்ணீர் சூடாகிறது. ஆனால் சூடான தண்ணீர் இலேசானது, மேலேயே நிற்கும், கீழே இறங்கிக் குளிர்நீரைத் தள்ள முடியாது. ஆகவே ஆண்டு முழுக்க உள்ளே 13 முதல் 15 டிகிரிக்குள்தான். இருட்டு, குளிர், அசைவற்ற நீர், சொற்ப உணவு: ஆழ்கடல் ஒரு பொந்துக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி. 1995-இல் ஷான் வசலேயும் நிக்கோல் பூரி-எஸ்னோவும் இதே குகையில் சிறு ஓட்டுடலிகளைப் பிடித்துத் தின்னும் கடற்பஞ்சைக் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் ஆழ்கடலில் தெரிந்த ஒரு குடும்பத்துப் பஞ்சு, மனிதர் நீந்திப் போய்த் தொடும் ஆழத்தில்.

அடுத்த ஆண்டே, 1996-இல், ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் வில்லோரா-மொரேனோ இப்படி ஆழ்கடல் போன்ற சூழல் கொண்ட ஒரு மத்தியதரைக் குகையிலிருந்து ட்ரோக்ளோஆர்க்டஸ் ட்ரையோனைக்கீஸ் என்ற புதிய பேரினத்தை விவரித்தார். பெயரின் முதல் பாதிக்கே குகை என்றுதான் பொருள். அது சேரும் குடும்பம் கொரோனார்க்டிடே, ஆழ்கடல் குடும்பம்.

இதிலிருந்து நடைமுறைக்கு என்ன எடுத்துக்கொள்வது? குகைக்குள் போகும்முன் அதன் வெட்டுமுகத்தை வரையுங்கள். கீழே சரிகிறதா, மேலே ஏறுகிறதா, இரண்டு பக்கமும் வாசல் உண்டா? ஃபிஷ் ராக் குகை, எடுத்துக்காட்டாக, பாறையின் ஊடே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சுரங்கம். நீளம் ஏறக்குறைய 120 மீட்டர். ஆழமான வாயில் சுமார் 24 மீட்டரில், மற்றது அதில் பாதி ஆழத்தில். தண்ணீர் ஊடாக ஓடும். அங்கே கிடைக்கும் மணலும் விலங்கும் 3பிபி போன்ற மூடிய குளிர்ப்பொந்தில் கிடைப்பவற்றோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஆழம் எவ்வளவு என்பதைவிட வடிவம் எப்படி என்பதுதான் அதிகம் சொல்லும்.

படி 4: இறங்குங்கள், மணல் எடுங்கள்

குகை முக்குளிப்புக்கு உரிய பயிற்சி இல்லாத யாரும், எவ்வளவு நல்ல ஸ்கூபா வீரரானாலும், உள்ளே போகக் கூடாது. வாசலிலிருந்து அறுபடாத வழிக்கயிறு, ஆளுக்கு மூன்று விளக்கு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. கடைசிச் சேற்றுப் பகுதியில் துடுப்பு ஒரு தடவை தவறாக அடித்தால் கை தெரியாத அளவுக்குக் கலங்கிவிடும். பயிற்சி பெற்றவர் மணல் எடுக்க, நீங்கள் கரையில் நின்று பாட்டில்களை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

மணல் எடுக்க இரண்டு வழி. எண்ணிக்கை வேண்டுமானால் குழாய்: உள்விட்டம் 3.6 செ.மீ. இருந்தால் பரப்பு ஏறக்குறைய 10 சதுர செ.மீ. வரும். உலகெங்கும் மணல்வாழ் நுண்விலங்குகளை இந்த அளவுக்குத்தான் எண்ணிச் சொல்கிறார்கள், ஒப்பிட வசதி. மேல் 5 செ.மீ. போதும். கீழே கருத்து அழுகிய முட்டை வாசம் வரும் அடுக்கில் பெரும்பாலும் நீர்க்கரடி இருக்காது. இனங்கள்தான் வேண்டும் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் மேல்மணலை மெதுவாக வழித்து எடுங்கள். 67 விலங்கில் 16 இனம் என்ற கணக்கை மறக்க வேண்டாம். குழாய் மட்டும் எடுத்தால் பாதி இனம் கைக்கு வராமலே போகும். நான் எப்போதும் இரண்டையும் எடுக்கச் சொல்வேன்.

எங்கெங்கே எடுப்பது? வாசலுக்கு வெளியே ஒன்று, இது கட்டாயம். வாசலில், அரையிருளில், முழு இருளில், கடைக்கோடியில். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று குழாய். சுவரோரம் பவளத்துண்டும் சிப்பித்தூளும் புழுக்கூட்டுத் துகளும் சேர்ந்து கிடக்கும் திட்டைக் கண்டால் அதைத் தனியாக எடுங்கள். பருக்கைகளுக்கு நடுவே இடைவெளி நிறைய, தண்ணீர் ஊடுருவும், ஆக்சிஜன் இருக்கும், நீர்க்கரடிக்கு நல்ல வீடு. சேற்றில் எண்ணிக்கை குறையும், ஆனால் ஆழ்கடல் உறவுகள் அங்கேதான் இருக்க வாய்ப்பு. சேற்றைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு வராதீர்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிடி மணலைக் கூடுதலாக எடுத்து வையுங்கள், பருக்கை அளவு பார்க்க. பாட்டிலுக்கு உள்ளேயும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று போடுங்கள். வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்துபோகும்.

படி 5: மணலிலிருந்து பிரியுங்கள்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய படி இதுதான். விலங்கு மணற்பருக்கையைக் கவ்வி நிற்கிறது. அதை விடவைக்க வேண்டும்.

எளிய வழி நல்ல தண்ணீர். ஒரு கைப்பிடி மணலை வாளியில் போட்டு, குழாய்த்தண்ணீரை ஊற்றிச் சுழற்றுங்கள். உப்பு திடீரென்று குறைந்ததும் விலங்குகள் பிடியை விட்டுவிடும். ஒரு நிமிடத்துக்குள் மேல்நீரைச் சல்லடையில் ஊற்றி, சல்லடையில் நின்றதை உடனே கடல்நீருக்கு மாற்றுங்கள். நேரம் கடத்தினால் உடல் உப்பிப் போகும், பிறகு அடையாளம் காண்பது கஷ்டம். இதை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். உடல் கெடாமல் எடுக்க இன்னொரு வழி, மக்னீசியம் குளோரைடு கரைசலில் பத்து நிமிடம் மயக்கிவிட்டு அதே மாதிரி சுழற்றி ஊற்றுவது.

சல்லடை விஷயத்தில் நான் ஆரம்பத்தில் தவறு செய்திருக்கிறேன். 63 மைக்ரான் சல்லடை ஒன்றே போதும் என்று நினைத்தேன். நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்து, 2025-இல் செய்திகளில் வந்த பாட்டிலிப்பெஸ் சந்திரயானியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 0.15 மி.மீ., அகலம் 0.04 மி.மீ., அதாவது 40 மைக்ரான். தலை நேராக வந்தால் 63 மைக்ரான் கண்ணில் அது தாராளமாக நழுவிப்போகும். ஆகவே மேலே 1 மி.மீ. சல்லடை, அடியில் 32 மைக்ரான் சல்லடை. சேறாக இருந்தால் 32 அடைத்துக்கொள்ளும், பொறுமையாகத் தட்டித்தட்டி ஊற்ற வேண்டும்.

சேற்று மணலுக்கு லுடாக்ஸ் என்ற சிலிக்கா கரைசலும் மையவிலக்குக் கருவியும் வேண்டும். அடர்த்தி 1.15 முதல் 1.18 வரை. விலங்கு மேலே மிதக்கும், மண் அடியில் தங்கும். கடல்நீர் பட்டால் லுடாக்ஸ் கட்டியாகிவிடும், அதனால் முதலில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஏற்கெனவே பார்மலினில் நிலைப்படுத்திய மணலுக்குத்தான் இந்த முறை.

குகைக்குப் போகும்முன் இதையெல்லாம் கடற்கரை மணலில் பழகிக்கொள்ளலாம். 2023-இல் அப்துல் கலாம் பெயரில் பாட்டிலிப்பெஸ் கலாமி என்று அறிவிக்கப்பட்ட இனமும் மண்டபத்துக் கரைமணலில் கிடைத்ததுதான். கரையில் நூறு தடவை வாளி சுழற்றிய கை, குகையின் ஒரே ஒரு பாட்டிலை வீணாக்காது.

படி 6: பொறுக்குங்கள், ஸ்லைடு போடுங்கள்

பெட்ரி தட்டின் அடியில் கோடு கிழித்து, வரிசை வரிசையாகப் பாருங்கள். 40 மடங்கு பெருக்கத்தில் முதலில் தெரிவதெல்லாம் நூற்புழுக்களின் துள்ளலும் கோப்பிபாடுகள் என்ற சிறு ஓட்டுடலிகளின் ஓட்டமும்தான். நீர்க்கரடி ஓடாது. ஒரு மணற்பருக்கையின் ஓரத்தில் ஏதோ மெதுவாக ஊன்றி எடுப்பது போல் இருக்கும். தட்டை இலேசாக ஆட்டினால் பருக்கை உருளும், கூடவே அதுவும் உருளும், ஆனால் விடாது. கொஞ்ச நேரம் பார்த்தால் முன்கால் ஒன்று நீண்டு அடுத்த பருக்கையைத் தொட்டுப் பார்க்கும். அதைக் கண்டுகொள்ளக் கண் பழகிவிட்டால் பிறகு தப்பாது.

மெல்லிய கம்பி வளையத்தாலோ நுண்குழாயாலோ எடுத்து, உயிரோடு இருக்கும்போதே படம் பிடியுங்கள். நிறமும் தோல்விரிப்பின் வடிவமும் பார்மலினில் மாறிவிடும். வடிவம் பார்க்கப் போரக்ஸ் கலந்த 4 சதவீதப் பார்மலின். டிஎன்ஏ பார்க்க 95 சதவீத எத்தனால். பிறகு கிளிசரினில் ஸ்லைடு போட்டு, ஓரத்தை நகப்பூச்சால் மூடலாம். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விலங்கு.

படி 7: இனம் காணுங்கள்

கால் நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒட்டுத்தட்டு இருந்தால் பாட்டிலிப்பெஸ். விரல் இல்லாமல் காலிலேயே நகம் இருந்தால் ஸ்டைகார்க்டிடே பக்கமோ கொரோனார்க்டிடே பக்கமோ போங்கள். நாலு விரல், விரலுக்கு ஒரு நகம் என்றால் ஹாலெக்கினிஸ்கிடே, அல்லது அதிலிருந்து 2017-இல் தனிக் குடும்பங்களாகப் பிரிந்த டனார்க்டிடே, ஸ்டைராகோனிக்ஸிடே. பழைய கட்டுரைகளில் இவை எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும், குழம்ப வேண்டாம்.

விரல் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. புதிதாகப் பொரித்த குட்டிக்கு விரல்கள் குறைவு. அதைப் புதிய இனம் என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. இனப்பெருக்கத் துளையைத் தேடுங்கள். பெண்ணுக்கு அது ஆறிதழ்ப் பூ மாதிரி இருக்கும், ஆணுக்கு முட்டை வடிவம். துளையே இல்லையென்றால் குட்டி. பெண்ணின் விந்துப்பைகள் எப்படி வளைந்திருக்கின்றன என்பது பல பேரினங்களில் இனத்தையே தீர்மானிக்கும், அதனால் ஸ்லைடில் விலங்கு வயிறு மேலாகக் கிடந்தால் நல்லது.

படி 8: பரவலைப் படியுங்கள்

இப்போது கையில் ஓர் அட்டவணை இருக்கும்: இடம், பருக்கை அளவு, ஆழம், வெப்பம், இனம், எண்ணிக்கை. ‘இது குகை இனம்’ என்று எழுத ஆசை வரும். வாசலுக்கு வெளியே எடுத்த மணல் கட்டாயம் என்று சொன்னது இதற்காகத்தான். வெளியே அதே பருக்கை அளவுள்ள மணலிலும் அந்த இனம் இருந்தால், அது மணலைத் தேடி வந்தது, குகையைத் தேடி வரவில்லை. குகையில் மட்டும் கிடைத்தாலும், ஒன்றிரண்டு விலங்கை வைத்து ‘குகையில் பதிவானது’ என்று எழுதினால் போதும்.

பூஜ்யங்களையும் எழுதுங்கள். மூன்று குழாயிலும் ஒன்றுமில்லை என்பதும் ஒரு தகவல். அதை விட்டுவிட்டால் அடுத்தவர் அந்த இடத்தில் யாருமே தேடவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் அந்த ஆக்டினார்க்டஸ் நெரெடினஸ். மிதக்கும் இளம்பருவம் இல்லாத ஒரு விலங்கு இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் எப்படி? உண்மையிலேயே ஒரே இனம் மிகப் பழங்காலத்திலிருந்து பரவியிருக்கலாம். மணலோடு நீரோட்டத்தில் தாவித்தாவிப் போயிருக்கலாம். அல்லது நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு இனங்களாக இருக்கலாம். ஸ்லைடை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது, டிஎன்ஏ வேண்டும். எனவே ஓர் இனத்தில் மூன்று விலங்கு கிடைத்தால், இரண்டை ஸ்லைடுக்கும் ஒன்றை எத்தனாலுக்கும் ஒதுக்குங்கள். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால் முதலில் எல்லாக் கோணத்திலும் படம். பிறகு டிஎன்ஏ எடுத்துவிட்டு மிஞ்சும் தோலைச் சான்றாக ஸ்லைடில் வைக்கலாம். புதிய இனம் என்று தெரிந்தால் ஸ்லைடு உங்கள் மேசை டிராயரில் இருக்கக் கூடாது, அருங்காட்சியகச் சேகரிப்புக்குப் போக வேண்டும்.

அலசி முடித்த மணலைக் கொட்டிவிடாதீர்கள். பார்மலின் ஊற்றி, அதே சீட்டோடு மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு பாட்டிலை எடுத்து மறுபடி சுழற்றிப் பாருங்கள், எத்தனை விலங்கு மிச்சம் இருந்தது என்று எண்ணி அந்த எண்ணையும் அட்டவணையில் ஏற்றுங்கள்.